"அது உன் தர்மம் இல்லம்மா": காசி, சாரநாத், கயா, புத்தகயா

ஊர் திரும்பி மூன்று நாளாகிறது. கால் வீக்கம் இன்னும் வடியவில்லை, தொண்டையும் கட்டியிருக்கிறது. ஒவ்வொரு ராத்திரியும் படுக்கும் முன் நோட்டில் எழுதி வைத்ததைத்தான் நாள்வாரியாக இங்கே போடுகிறேன்.

அம்மா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நான் ஒரே பெண். கொள்ளி வைத்தது பெரியப்பா மகன், அன்றிருந்த நிலையில் எனக்கு எதையும் கேட்கத் தோன்றவில்லை. வருஷ திதி முடிந்ததும், கயாவுக்குப் போய் அம்மாவுக்கு நானே பிண்டம் வைக்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். சித்தப்பா கோபப்படவில்லை. என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். ரொம்ப சாந்தமாக, "அது உன் தர்மம் இல்லம்மா, அண்ணன் போகட்டும்" என்றார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அப்பாவின் தங்கை, 68 வயது அத்தை மட்டும் "நான் வரேன்டி கூட" என்று முட்டிவலித் தைலத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜனவரி 22, வியாழன். காசி

பனி என்றால் இப்படி ஒரு பனியை நான் பார்த்ததில்லை. காலை 9 மணிக்குக் கங்கைக் கரையில் நின்றால் கங்கை தெரியவில்லை, துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. அத்தை இரண்டு ஸ்வெட்டர் போட்டு, அதன் மேல் சால்வை, அதன் மேல் மப்ளர். மண்குவளையில் டீ 10 ரூபாய். குடித்து முடித்த பிறகும் சூட்டுக்காகக் குவளையைக் கையிலேயே வைத்திருந்தோம். குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் மலய்யோ என்று ஒன்று, பாலைக் கடைந்து நுரையாக எடுத்துக் குங்குமப்பூ போட்டுத் தருகிறார்கள். வாயில் வைத்த நொடி கரைந்து காணாமல் போகிறது. அத்தை "இதுல என்ன இருக்கு, காத்துதான்" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவதும் வாங்கினார்.

அனுமன் கட்டம் பக்கம் தமிழ்க் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பாரதி சின்ன வயதில் இருந்த தெரு அது. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் அரிச்சந்திரன் படித்துறை. மூன்று சிதை எரிந்துகொண்டிருந்தது. அத்தை படியில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஊரில் யாராவது இறந்தால் ராத்திரி மயான காண்டம் நடக்கும், அரிச்சந்திரன் வேஷக்காரர் சுடுகாட்டுப் பாட்டைப் பாடுவார், அம்மா செத்த அன்றும் பாடினார். சொந்தப் பிள்ளையின் பிணத்தைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வருகிறாள். காவல்காரனாக நிற்கும் அப்பன் அவளிடம் கால்பணமும் முழத்துண்டும் கேட்கிறான், ஏனென்றால் அது எசமானுக்குச் சேர வேண்டிய கூலி. அவனுடைய தர்மம் அது. சின்ன வயதில் அந்த இடத்தில் எல்லாரும் அழுவார்கள், நானும் அழுவேன், ஆனால் அரிச்சந்திரனுக்காக அழுதேனா சந்திரமதிக்காக அழுதேனா என்று இன்றைக்குத்தான் யோசித்தேன். அவன் தர்மத்தைக் காப்பாற்றினான், சரி. அவளை விற்றானே, அப்போது யாராவது அவளைக் கேட்டார்களா?

இதை அத்தையிடம் சொன்னேன். பதில் சொல்லாமல், பக்கத்தில் கை நீட்டிய கிழவிக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் எடுத்துக் கொடுத்தார். ஊரிலிருந்தே 40 பாக்கெட் கொண்டுவந்திருக்கிறார். அவருக்குத் தருமம் என்றால் இதுதான், வேறு அர்த்தமே கிடையாது. நம் ஊர்ப் பேச்சில் "தருமம் பண்ணுங்க தாயே" என்றால் காசோ சோறோதானே.

ஜனவரி 23, வெள்ளி. சாரநாத்

காசியிலிருந்து 10 கிலோமீட்டர்தான். பேட்டரி ரிக்‌ஷாக்காரர் 300 ரூபாய் என்று ஏற்றி, இறங்கும்போது ஆளுக்கு 300 என்றார். அத்தை தமிழிலேயே சண்டை போட்டார், அவர் போஜ்புரியில் போட்டார், 400க்கு முடிந்தது. அதைவிடப் பெரிய ஏமாற்றம், அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. சிங்கத் தூணைப் பார்க்கத்தான் முக்கியமாக வந்தேன். முன்னாலேயே விசாரித்திருக்க வேண்டும்.

இடிபாடுகளுக்கு நுழைவுச்சீட்டு 25 ரூபாய். புத்தர் ஞானம் பெற்ற பிறகு, தன்னை விட்டுப் போன ஐந்து தவசிகளைத் தேடி வந்து முதலில் பேசிய இடம் இது. அந்தப் பேச்சின் பெயருக்கே தம்மச் சக்கரத்தை உருட்டியது என்றுதான் அர்த்தம். தர்மத்துக்குப் பாலி மொழியில் தம்மம். தாமேக் ஸ்தூபம் நூறு அடிக்கு மேல் உயரம், பனியில் அதன் தலை தெரியவில்லை. பக்கத்தில் தர்மராஜிகா ஸ்தூபம் இருந்த இடம், இப்போது வெறும் வட்ட அடித்தளம். 1794இல் ஜகத் சிங் என்பவருக்குக் கட்டடம் கட்டச் செங்கல் தேவைப்பட்டது, ஆட்கள் வந்து பெயர்த்தார்கள். உள்ளே ஒரு பேழை, அதில் எலும்பு. எலும்பைக் கங்கையில் சேர்த்துவிட்டார்கள். படித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது, அப்புறம் நிதானமாக யோசித்தால் அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார்கள். எலும்பு கிடைத்தால் கங்கையில் கரைப்பது அவர்களுக்குத் தர்மம். மண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி, சுற்றி வந்து வணங்குவது இன்னொருவருக்குத் தம்மம். அம்மாவின் சாம்பலை நாங்களும் ஆற்றில்தான் விட்டோம்.

தர்மராஜா என்ற பெயரே என்னை அங்கே ரொம்ப நேரம் நிறுத்திவிட்டது. பௌத்தர்களுக்கு அது புத்தர். காசிக்காரர்களுக்கு எமன். எங்கள் ஊர்ப் பக்கம் தருமராஜா கோயில் என்றால் தீமிதி நடக்கும் கோயில், பாண்டவரில் மூத்தவர் பெயரில் இருப்பது. ஆனால் உள்ளே தீபாராதனை காட்டுவது திரௌபதி அம்மனுக்கு! தருமர் தன்னையே தோற்ற பிறகு என்னை வைத்து ஆட அவருக்கு ஏது உரிமை என்று சபையில் கேட்டவள். பீஷ்மர் அவ்வளவு பெரியவர், தர்மம் நுட்பமானது, என்னால் சொல்ல முடியவில்லை என்று நழுவிவிட்டார். பாரதத்தில் தர்மத்தைப் பற்றி எத்தனையோ பேர் பேசுகிறார்கள், எனக்கு மனசுக்குள் நிற்பது அந்தப் பெண் கேட்டதும், அதற்குப் பதில் வராததும்தான். ஊரார் கோயிலுக்கு அவர் பெயரை வைத்துவிட்டு இவளைக் கும்பிடுகிறார்கள்.

மதியம் புல்வெளியில் வெள்ளைப் புடவை கட்டிய பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாக்பூர்ப் பக்கம். "ஜெய் பீம்" என்று கை கூப்பினார்கள், எங்களையும் உட்கார வைத்துச் சோள ரொட்டியும் காரமான பூண்டுச் சட்னியும் இலையில் வைத்தார்கள். அதில் வயதான ஒரு அம்மா, என் அரைகுறை இந்தியைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் அப்பாவும் அம்மாவும் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கருடன் பௌத்த தீட்சை எடுத்தவர்கள் என்றார். அதற்கு முன்னால் ஊரில் செத்த மாட்டை இழுத்துப் போடுவது எங்கள் வேலை, கேட்டால் அது உங்கள் தர்மம் என்பார்கள் என்றார். "தர்மத்தை விட்டுத் தம்மத்துக்கு வந்தோம்" என்று சொல்லி என் இலையில் இன்னொரு ரொட்டி வைத்தார். சித்தப்பா சொன்ன அதே வாக்கியம். எனக்கு வந்தது ஒரு சடங்கைப் பற்றி, அவர்களுக்கு வந்தது வாழ்நாள் முழுவதும். நான் என் கதையைச் சொல்லவில்லை, சொல்லக் கூச்சமாக இருந்தது.

சாயங்காலம் மூலகந்த குடி விகாரையில் பிக்குகள் ஓதுவதைக் கேட்டோம். இலங்கையின் அநகாரிக தர்மபாலர் எடுத்த முயற்சியில் கட்டி 1931இல் திறந்தது. முடிந்ததும் ஒரு இளம் பிக்குவிடம் தம்மம் என்றால் என்ன பொருள் என்று நேரடியாகக் கேட்டுவிட்டேன். அவர் இந்தியும் ஆங்கிலமும் கலந்து சொன்னதில் எனக்குப் புரிந்தது இது. புத்தர் சொன்னதும் தம்மம், அவர் சொல்லாவிட்டாலும் இருக்கிற இயல்பும் தம்மம். நெருப்பு சுடும், உடம்பு தளரும், பிறந்தது மறையும், யாருக்குப் பிறந்தாலும் அப்படித்தான். அப்புறம் பாலியில் "ஏஹிபஸ்ஸிகோ" என்று ஒரு சொல் சொன்னார். வந்து பார் என்று அழைப்பது தம்மத்தின் குணமாம். இன்னார் வா, இன்னார் வராதே என்று அதில் இல்லையா என்றேன். சிரித்தார், கொஞ்சம் யோசித்தார், "சொல்லில் இல்லை, ஆட்களிடம் இருந்தது" என்றார். பெண்களுக்கான பிக்குணிச் சங்கம் இலங்கையில் அற்றுப்போய் சுமார் ஆயிரம் வருஷம், மறுபடி இலங்கைப் பெண்கள் சிலர் துறவு பெற்றது 1996இல், இதே சாரநாத்தில் என்றார். ஆக அங்கேயும் பெண்கள் ரொம்ப நாள் வாசலில் நின்றிருக்கிறார்கள்.

ஜனவரி 24, சனி. சாரநாத் மறுபடி, பிறகு ரயில்

விடியற்காலையில் அத்தையை எழுப்பி மறுபடி சாரநாத். இந்த முறை பேரம் எழுதிக் காட்டிப் பேசி, 300. அருங்காட்சியகத்துக்கு 5 ரூபாய்.

உள்ளே நுழைந்ததும் எதிரே நான்கு சிங்கம். ரூபாய் நோட்டில், தபால் உறையில் எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்போம், நேரில் அது ஏழடி உயரம், கல் கண்ணாடி போல மின்னுகிறது. 2,200 வருஷத்துக்கு முன் தீட்டிய பளபளப்பு. 1905 வாக்கில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள். சிங்கங்களுக்குக் கீழே யானை, காளை, குதிரை, சிங்கம், இடையிடையே 24 ஆரம் வைத்த சக்கரம். கொடியில் இருக்கிற சக்கரம் இதுதான். இதைத் தேசியச் சின்னமாக எடுத்துக்கொண்டபோது கீழே "சத்தியமேவ ஜயதே" என்று சேர்த்தார்கள், அது முண்டக உபநிடதத்து வரி. பௌத்தத் தூண், உபநிடத வாக்கு, இரண்டையும் ஒரே முத்திரையில் அச்சடித்து எல்லாச் சான்றிதழிலும் போட்டுவிட்டோம். அம்மாவின் இறப்புச் சான்றிதழில் எத்தனை தடவை பார்த்தேன், கண்ணில் பட்டதே இல்லை.

இந்தத் தூணை நிறுத்திய அசோகர் இன்னொரு தூணில் தானே கேள்வி கேட்டுத் தானே பதில் எழுதியிருக்கிறார். தம்மம் நல்லது, ஆனால் தம்மம் என்பது எது? குறைவான தீமை, நிறைய நன்மை, இரக்கம், ஈகை, உண்மை, தூய்மை. அவ்வளவுதான் பட்டியல். அத்தைக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது "இதுல இரக்கமும் ஈகையும்தான நம்ம சொல்றது" என்றார்.

சாயங்காலம் 5 மணி ரயில் பனியால் ராத்திரி 11க்கு வந்தது. நடைமேடையில் ஆறு மணி நேரம். உட்கார இடமில்லை, அத்தையின் கால் கட்டை மாதிரி ஆகிவிட்டது. ஒரு பீகார்க் குடும்பம் போர்வையை விரித்து, அத்தையை நடுவில் உட்கார வைத்தார்கள். அந்த வீட்டு அம்மா டப்பாவிலிருந்து லிட்டி எடுத்தார், வறுத்த கடலை மாவை உள்ளே வைத்துச் சுட்ட உருண்டை, தொட்டுக்கொள்ளச் சோக்கா, சுட்டுப் பிசைந்த கத்திரிக்காய். பணம் நீட்டினேன், அந்த அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "கிலானா தோ தர்ம் ஹை" என்றார். சோறு போடுவது தர்மம் அல்லவா என்று. அத்தைக்கு இந்தி தெரியாது, தர்மம் என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது, என் தொடையைத் தட்டி "பாத்தியா" என்றார்.

மணிமேகலையில் அறம் எது என்று சொல்லும் இடமும் இதைத்தான் சொல்கிறது. உண்டியும் உடையும் உறையுளும் அல்லது கண்டது இல் என்று. தமிழில் பௌத்தம் பேசிய நூல், தம்மத்தை அறம் என்று எழுதி, கையில் சோற்றுப் பாத்திரத்தைக் கொடுத்து ஒரு பெண்ணை ஊர் ஊராக அனுப்பியது.

ஜனவரி 25, ஞாயிறு. கயா

அதிகாலை 4 மணிக்கு இறங்கினோம். தூங்கவில்லை. பல்குனி நதியில் தண்ணீர் இருக்காது, மணலைத் தோண்ட வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்தேன். 2022இல் ரப்பர் அணை கட்டியிருக்கிறார்கள், விஷ்ணுபாதம் கோயிலை ஒட்டி இப்போது தண்ணீர் நிற்கிறது. பனிக்கட்டி போலத் தண்ணீர். முழுகி எழுந்தபோது எனக்கு மூச்சு வரவில்லை.

தமிழ் பேசும் புரோகிதர் ஒருவரை முன்பே ஏற்பாடு செய்திருந்தோம். தட்டு, அரிசி மாவு, எள், தர்ப்பை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, "பிள்ளைங்க யாரும் வரலையாம்மா?" என்றார். "நான்தான் பிள்ளை" என்றேன். குரல் நடுங்கியது. மறுக்கப்போகிறார், நான் என்ன சொல்ல வேண்டும் என்று ரயிலில் முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "ராமர் சாமான் வாங்கப் போயிருந்தப்ப தசரதருக்கு மணல்ல பிண்டம் வெச்சது சீதை, இதே கரையில. உக்காருங்க" என்றார். அவ்வளவுதான். ஒத்திகை பார்த்த எந்த வாக்கியமும் தேவைப்படவில்லை.

அம்மாவுக்கென்றே தனியாக 16 பிண்டம் உண்டு, மாத்ரு ஷோடசி என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுலோகம், ஒவ்வொரு சுலோகத்தையும் அவர் நிறுத்தித் தமிழில் சொன்னார். என்னைச் சுமந்துகொண்டு மேடு பள்ளத்தில் நடந்தாயே, அதற்கு இந்தப் பிண்டம். எனக்காகக் கசப்பு மருந்து குடித்தாயே, அதற்கு இது. ராத்திரி என் மூத்திர ஈரத்தில் நீ படுத்தாயே, அதற்கு இது. பசித்து அழுதபோது உன் சோற்றை எனக்குக் கொடுத்தாயே, அதற்கு. ஐந்தாவது ஆறாவதுக்கு மேல் எனக்குக் கண் தெரியவில்லை, விரல் குளிரில் மரத்து மாவு உருண்டையாக வரவில்லை, அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக் கொடுத்தார். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். சுமந்ததும் கசப்பு குடித்ததும் என்னவென்று தெரிந்தவள் நான், இந்த 16ஐயும் நான் வைக்கக் கூடாது என்றால் வேறு யார் வைப்பது?

முடிவில் தர்ம பிண்டம். பிள்ளை இல்லாதவர்கள், பெயர் தெரியாதவர்கள், வேலை செய்தவர்கள், ஆடு மாடு நாய் வரைக்கும், வைக்க ஆளில்லாத எல்லாருக்கும். யாராவது நினைவுக்கு வந்தால் மனசில் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். எங்கள் வீட்டில் 30 வருஷம் பாத்திரம் தேய்த்த அக்காவின் பெயரை அத்தை என் காதில் சொன்னார். அவருக்கு யாரும் கிடையாது. தர்மம் என்ற சொல்லுக்கு "தாங்குவது" என்று வேர் சொல்வார்கள், புத்தகத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன், அந்த மாவு உருண்டை உள்ளங்கையில் இருந்தபோதுதான் எனக்கு அது பிடிபட்டது.

அப்புறம் அட்சய வடம். ஆலமரத்தடியில் பிடித்த ஒரு காயையும் ஒரு பழத்தையும் விட வேண்டும், இனி ஆயுசுக்கும் சாப்பிடக் கூடாது. காய் எது என்று யோசிக்கவே இல்லை. பழம் சீத்தாப்பழம்.

ஜனவரி 26, திங்கள். புத்தகயா

குடியரசு தினம். பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடியோடு வரிசையாகப் போனார்கள், தெருமுனையில் எல்லாருக்கும் சுடச்சுட ஜிலேபி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கொடியின் நடுவில் அந்தச் சக்கரம். முந்தாநாள் அதன் மூலத்தைக் கல்லில் பார்த்துவிட்டு வந்ததால், ஒவ்வொரு பிள்ளையின் கையையும் நின்று பார்த்தேன்.

மகாபோதி கோயிலுக்குள் செல்போன் கிடையாது, வெளியே கொடுத்துவிட வேண்டும். கட்டணம் இல்லை. கோபுரம் 55 மீட்டர், பின்னால் போதி மரம். இப்போதிருப்பது 1881இல் தொல்லியல் ஆய்வாளர் கன்னிங்காம் நட்டது, பழைய மரம் அதற்குச் சில வருஷம் முன்னால் விழுந்துவிட்டது. நேற்று ஆலமரம், இன்று அரசமரம். அங்கே கடன் தீர்க்க உட்கார்ந்தோம், இங்கே யாரும் யாருக்கும் கடன் தீர்க்க வரவில்லை, அவரவர் கண்ணை மூடி அவரவர் மூச்சைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு அரை மணி நேரம்தான் நின்றது.

வெள்ளை உடுத்திய இலங்கைக் குடும்பம் ஒன்று மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. பிக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் சின்னக் கிண்ணம், ஒரு கூஜாவில் தண்ணீர். குடும்பமே கூஜாவில் கை வைத்து, மகன், மகள், பேரன், மருமகள் எல்லாரும் சேர்ந்து பிடித்து மெல்ல ஊற்றினார்கள். சின்னக் கிண்ணம் நிரம்பி வழிந்தது. "இதங் மே ஞாதீனங் ஹோது" என்று பிக்கு ஓதினார். நான் பார்த்துக்கொண்டே நின்றதைக் கவனித்த அந்த மகன், சிங்களவர், கண்டிப் பக்கம் கடை வைத்திருப்பவர், "அக்கா தமிழோ?" என்றார். தமிழ்க்காரர்களோடு பழகிய பேச்சு. இந்தப் புண்ணியம் எங்கள் செத்துப்போன சொந்தங்களுக்குச் சேரட்டும் என்று அர்த்தம் என்றார். அவர்களுக்கும் அம்மாதான், போன வைகாசியில்.

மகளும் ஊற்றலாமா என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "ஏன் அக்கா, அவவும் பிள்ளைதானே?"

நான் அழுதுவிட்டேன். அவர் தங்கை கூஜாவை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்து, என் கையையும் அத்தையின் கையையும் பிடித்து அதில் வைத்தார். "உங்கட அம்மாவையும் நினைங்க" என்றார் அண்ணன். தண்ணீர் வழிந்து எங்கள் விரலை நனைத்தது. தமிழர், சிங்களவர் என்று எத்தனை நடந்திருக்கிறது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். போகும்போது அத்தையின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் திபெத்தியக் கடையில் துக்பா என்ற நூடுல்ஸ் சூப், 120 ரூபாய். இந்தப் பயணத்திலேயே உடம்புக்குச் சூடு ஏறிய ஒரே சாப்பாடு. அத்தை சூப்பை மட்டும் இரண்டு கிண்ணம் குடித்தார். பிஸ்கட் பாக்கெட்டில் மீதி மூன்றுதான் இருந்தது.

ஜனவரி 27, செவ்வாய். கயா ரயில் நிலையம்

வெயில் வந்தது. ஆறு நாளில் முதல் முறை. கயாவில் தில்குட் பிரசித்தம், எள்ளையும் வெல்லத்தையும் இடித்துத் தட்டிய மிட்டாய், கடை வாசலில் உலக்கைச் சத்தம் தெருவெல்லாம் கேட்கிறது. ஒரு கிலோ வாங்கினோம்.

நடைமேடையில் இருக்கும்போது சித்தப்பா போன் பண்ணினார். கிளம்பிய பிறகு அவராகப் பேசுவது இதுதான் முதல். குளிர் எப்படி, அத்தைக்குக் கால் எப்படி என்று கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "என்ன காய்மா விட்ட?" என்றார்.

"கத்திரிக்காய் சித்தப்பா."

அம்மா வைக்கும் எண்ணெய்க் கத்திரிக்காய் அவருக்கும் தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் வீட்டில் அதற்காகவே உட்கார்ந்து சாப்பிட்டவர். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"தில்குட் நல்லாருக்குமாமே, எனக்கு ஒரு அரைக் கிலோ சேத்து வாங்கிட்டு வாம்மா" என்றார். வண்டி வர இன்னும் 20 நிமிஷம் இருந்தது. அத்தையைப் பெட்டியின் மேல் உட்கார வைத்துவிட்டு மறுபடி கடைக்கு ஓடினேன்.